பழைய எம்எக்ஸ்-5-க்கு டயர்: 200 டிரெட்வேர்தான் வேண்டுமா, கையைக் கடிக்காத ஏதாவது போதுமா?

இரண்டாம்கியர்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5 (பின்சக்கரங்களை இன்ஜின் சுழற்றும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்), 1.8 லிட்டர் இன்ஜின், 16 இன்ச் ரிம். டயர் அளவு 205/45 ஆர்16 (அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 16 இன்ச்). வண்டி என் கைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. டயர்கள் முந்தைய உரிமையாளர் போட்டவை.

போன வாரம் மழை விட்ட கையோடு ஒரு ரவுண்டானாவில் திரும்பினேன். இரண்டாவது கியர், வேகம் 40 கூட இருக்காது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம்தான் மிதித்தேன். பின்பக்கம் அப்படியே விலகிப்போய், வந்த திசையைப் பார்த்து வண்டி நின்றது. பின்னால் யாரும் வரவில்லை, தப்பித்தேன். எனக்குப் புரியாதது இதுதான்: டயரில் பட்டன் (சாலையில் படுகிற ரப்பர் கட்டைகள்) நன்றாகவே இருக்கிறது. அளந்து பார்த்தேன், நான்கிலும் 5 மில்லிமீட்டருக்கு மேல்.

எப்படியும் மாற்றப் போகிறேன். "200 டிரெட்வேர் வாங்கு, பிசின் மாதிரி ஒட்டும்" என்கிறான் நண்பன், டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்கிறான். ஆனால் என் அளவில் தேடினால் இரண்டு மூன்று மாடல்தான் வருகிறது, விலையும் எட்டவில்லை. டிராக் பக்கம் போவதில்லை. வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுவேன், அதில் பாதி மலைப்பாதை. மழை என்று வண்டியை மூடி வைக்கிற ஆள் இல்லை. இப்போதைக்குப் பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டுவிட்டு, முன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

மழைக்கால ஓட்டி:

இரண்டு கேள்வி. டயர் எந்த வருடம் தயாரித்தது? காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

இரண்டாம்கியர்:

தயாரிப்புத் தேதியைத் தேடவே அரை மணி நேரம் ஆனது. வெளிப்பக்கம் எதுவும் இல்லை. கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து, போன் லைட்டை அடித்துப் பார்த்தால் உள்பக்கச் சுவரில் DOT எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நீள்வட்டத்துக்குள் 0914 என்று இருக்கிறது. காற்று 36 பிஎஸ்ஐ, கடையில் வழக்கமாக அவ்வளவுதான் வைப்பார்கள்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. 0914 என்றால் 2014-ஆம் ஆண்டின் 9-வது வாரம். பட்டன் இருக்கிறது, ரப்பர் இல்லை. ஒரு வேலை செய்யுங்கள்: பட்டனின் நடுவில் கட்டைவிரல் நகத்தை நன்றாக அழுத்துங்கள். புது டயர் என்றால் நகம் கொஞ்சம் பதிந்து, எடுத்ததும் மெல்ல மீளும். உங்களுடையதில் மேசை விளிம்பில் நகம் வைத்த மாதிரி இருக்கும். வெயிலும் காற்றும் சூடும் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிடும். ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் அது நடக்கும். ஈரச் சாலையில் அந்த டயர் பிளாஸ்டிக் மாதிரிதான்.

அடுத்தது காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு 26 பிஎஸ்ஐ. அச்சுப் பிழை இல்லை, இருபத்தாறேதான். ஆயிரத்துச் சொச்சம் கிலோதான் வண்டி. அதில் 36 அடித்தால் டயர் நடுவில் உப்பி, சாலையில் படுகிற இடம் சுருங்கிவிடும். இறுகிய ரப்பர், அதில் பத்து பிஎஸ்ஐ அதிகக் காற்று, ஈரச் சாலை. சுற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடைக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களிடம் வருவதெல்லாம் குடும்பக் கார்கள். அளப்பதைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் அளங்கள். ஓடின டயரில் அளந்தால் கணக்கு ஏமாற்றும்.

இப்போது நண்பரின் 200-க்கு வருவோம். அந்த எண் பிடிமானத்தைச் சொல்வதில்லை, தேய்மானத்தைச் சொல்கிறது. அமெரிக்கத் தர அடையாள முறையில், டெக்சாஸில் பொதுச்சாலையில் ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, அந்த ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுகிறார்கள். எந்த எண்ணை அச்சிடுவது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-ஓடு ஒப்பிட முடியாது. பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி என்று ஓர் எழுத்து இருக்கும், அதையும் நம்பி வாங்காதீர்கள். ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதைத்தான் அது சொல்லும், வளைவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பந்தய விதிகளில் குறைந்தபட்சம் 200 என்று ஒரு வகுப்பு இருக்கிறது. அதற்காகவே செதுக்கிய டயர்கள் பல அந்த எண்ணோடு வருகின்றன. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர் அப்படிப்பட்டது.

நானும் ஒரு காலத்தில் அந்த வகை டயர் போட்டவன்தான். காய்ந்த சாலையில், சூடேறின பிறகு, அதற்கு இணை கிடையாது. ஆனால் சாலைக்கு வந்து பத்து நிமிடம் அது தூங்கும். எழுந்த பிறகு ஓரத்துப் பொடிக்கல்லை எல்லாம் ஒட்டி எடுத்து மட்கார்டுக்குள் வீசும், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். பள்ளங்கள் குறைவு என்பதால் தண்ணீர் தேங்கின இடத்தில் ஸ்டீயரிங் லேசாகிப்போய் வயிற்றைக் கலக்கும். 9,000 கி.மீ.யில் மொட்டையாகிவிட்டது. உங்கள் ஓட்டத்துக்கு வருடத்துக்கு ஒரு செட்.

உங்களுக்குத் தேவை அதற்கு ஒரு படி கீழே உள்ள கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர். பயர்ஸ்டோன் பயர்ஹாக் இண்டி 500 (இதன் எண் 340), மிச்செலின் பைலட் ஸ்போர்ட் வரிசை போன்றவை. முதலாவது கைக்கு அடக்கமானது, இரண்டாவது அவ்வளவு இல்லை. ஒன்று மட்டும்: கோடை ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும். குளிர்காலத்தில் உறைகிற ஊர் என்றால் இந்தப் பேச்சே வேறு.

அளவு விஷயம்தான் பணத்தை மிச்சப்படுத்தும் இடம். 205/45 ஆர்16-ஐ அதிக வண்டிகள் பயன்படுத்துவதில்லை, அதனால் தேர்வு குறைவு. 15 இன்ச் ரிம்முக்கு இறங்கி 205/50 ஆர்15 போடுங்கள். கணக்கைப் பாருங்கள்: இப்போது உங்கள் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 591 மி.மீ., அது 586. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது 99 போவீர்கள். பழைய 15 இன்ச் ரிம் 4x100 துளை அமைப்பில் (100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளை) ஏராளமாகக் கிடைக்கும். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதை வண்டியில் மாட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 40 மி.மீ. பக்கம், அகலம் ஆறரை அல்லது ஏழு இன்ச் இருக்கட்டும். வாங்குவதற்கு முன்னால் ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றி, பிரேக் காலிப்பரில் உரசுகிறதா என்று கையால் பாருங்கள்.

எட்டாவது வளைவு:

அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். 205 எதற்கு? 195/50 ஆர்15 போதும். இன்னும் மலிவு, ஸ்டீயரிங் கலகலப்பாக இருக்கும், வேகம் குறைவாக இருக்கும்போதே வண்டியோடு விளையாடலாம். இந்த வண்டியை வாங்குவதே அதற்குத்தானே.

பழைய ஸ்பேனர்:

விளையாட்டு சரிதான். ஆனால் 195/50-இன் உயரம் 576, அவருடையதைவிட 15 மி.மீ. குறைவு. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஐந்தாவது கியரில் இன்ஜின் கொஞ்சம் அதிகமாகக் கத்தும். நெடுஞ்சாலை ஓட்டம் இல்லாதவர் என்றால் நானும் அதையேதான் சொல்வேன்.

மழைக்கால ஓட்டி:

அந்த "பின்னால் மட்டும் இரண்டு" கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இரண்டுதான் முடியும் என்றால் புதுசு பின்னால்தான் போக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் உங்கள் விஷயத்தில் முன்னால் இருப்பதும் 2014 டயர். பின்னால் பசை போல ஒட்டி, முன்னால் பலகை போல வழுக்கினால், மலைப்பாதை இறக்கத்தில் வண்டி திரும்பவே திரும்பாது. ஒரு மாதம் பொறுத்து நான்கையும் ஒரே மாடலில் போடுங்கள். நல்ல டயர் இரண்டைவிட நடுத்தர டயர் நான்கு மேல். அதுவரை மழையில் வண்டியை எடுக்காதீர்கள்.

அலைன்மென்ட்டையும் மறக்க வேண்டாம். பழைய டயரைக் கழற்றும்போது உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெளியில் 5 மி.மீ. இருந்து உள்ளே வழவழவென்று இருந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) தப்பு. அதைச் சரிசெய்யாமல் புதுசு மாட்டினால் அதுவும் அப்படியேதான் போகும்.

இரண்டாம்கியர்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பழைய 15 இன்ச் ரிம் நான்கு கிடைத்தது, ஒன்றில் மட்டும் விளிம்பு கீறல். 205/50 ஆர்15, நடுத்தர ஸ்போர்ட்ஸ் டயர், நான்கும் ஒரே மாடல். கடையில் வாங்கும்போதே தேதியைப் பார்த்தேன். முதலில் கொண்டுவந்த நான்கில் ஒன்று மட்டும் மூன்று வருடப் பழசு, மாற்றித் தரச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்கள். நகத்தை அழுத்திப் பார்த்தபோது இன்னும் விநோதமாகப் பார்த்தார்கள்.

பழைய டயரில் பின்பக்கம் இரண்டிலும் உள்விளிம்பு வழவழதான். அலைன்மென்ட் செய்தாகிவிட்டது. காற்று 26. "இது போதாது சார்" என்று கடையில் இரண்டு முறை சொன்னார்கள், கதவு ஸ்டிக்கரைக் காட்டினேன்.

முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன், புது டயரில் மேல்தோல் வழுக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். நேற்று மழை. அதே ரவுண்டானா, அதே இரண்டாவது கியர். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றினேன், அப்போதும் நடக்கவில்லை. மூன்றாவது சுற்றில் பக்கத்தில் நின்ற ஒருவர் வழி தெரியவில்லையா என்று கேட்டார்.

எட்டாவது வளைவு, அடுத்த செட்டுக்கு உங்கள் 195 யோசனையைக் குறித்து வைத்திருக்கிறேன்.