புதுப்பிப்பு: 32 நொடியில் அழைப்பைத் துண்டிக்கும் ஐபி போன் – தீர்ந்தது

எங்கள் அச்சகத்து ஐபி போனில் (இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்) வெளியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் சரியாக 32 நொடியில் கட் ஆகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கோடெக்கை (குரலை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் முறை) ஜி.729-க்கு மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. நெட் வேகமும் காரணமில்லை. அதைவிட அதிக டேட்டா எடுக்கும் ஜி.711 கோடெக்கில்கூட ஓர் அழைப்புக்குத் திசைக்குச் சுமார் 87 கேபிபிஎஸ்தான் போகும்.

வேலை செய்தது, "ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைங்க" என்று ஒருவர் சொன்னதுதான். ஐபி போனின் அழைப்புச் செய்திகளை ரவுட்டரே திருத்தி அனுப்பும் வசதி அது. அணைத்து, ரவுட்டரையும் போனையும் ரீஸ்டார்ட் செய்தேன். அடுத்து வந்த கல்யாணப் பத்திரிகை ஆர்டரை 11 நிமிடம் பேசினார்கள். நான் பாதி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்!

ஏன் 32? போனை எடுத்ததும் அது "எடுத்தாச்சு" என்று அழைப்பைக் கையாளும் சர்வருக்குச் சொல்லும். சர்வர் அதை ஆமோதித்துப் பதில் அனுப்ப வேண்டும். உதவுகிறேன் என்று ஏஎல்ஜி செய்தியில் உள்ள முகவரியை மாற்றிவிட, அந்தப் பதில் வந்து சேரவில்லை. போன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, 500 மில்லிநொடியின் 64 மடங்கில், அதாவது 32 நொடியில், கைவிட்டுவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: அதன்பின் சில நிமிடம் சும்மா இருந்தாலே மணி அடிக்கவில்லை. இணைப்பு மூடிவிடாமலிருக்கப் போன் அவ்வப்போது அனுப்பும் கீப்-அலைவ் செய்தியின் இடைவெளியை 30 நொடியாக வைத்ததும் அதுவும் சரி. ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தால் ஏஎல்ஜி மறுபடி ஆன் ஆகிவிடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.