கோட்டைப் புறாமாடங்கள்: நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் உள்ள போடியம் கோட்டைக்குச் சென்ற கோடையில் குடும்பத்துடன் போயிருந்தேன். அகழி நீரில் கோட்டை தலைகீழாகத் தெரியும் காட்சியைப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், அதை விட்டுவிட்டுத் தென்மேற்குக் கோபுரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1385-ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரிடம் அனுமதி பெற்று சர் எட்வர்டு டாலிங்ரிட்ஜ் கட்டிய இந்தக் கோட்டையின் வெளிச்சுவர்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. உள்ளேதான் பெரும்பாலும் இடிபாடு.

அந்தக் கோபுரத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது, மேற்பகுதிச் சுவரைச் சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் தெரிந்தன. எங்கள் பாட்டி வீட்டில் விளக்கு வைப்பதற்காகச் சுவரில் விட்டிருந்த மாடங்களை அப்படியே பெயர்த்து அடுக்கியது போல இருந்தது. ஏறத்தாழ 300 புறாக்கள் கூடு கட்டுவதற்கான மாடங்கள் அவை. எண்ணத் தொடங்கிய என் மகள் அறுபதைத் தாண்டியதும் கணக்கைத் தவறவிட்டு, "அப்பா, இத்தனை புறாக்களும் யாருக்குக் கடிதம் கொண்டுபோயின?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் தூதுப் புறாக்கள்தான் நினைவில் இருந்தன. கோட்டை, போர், முற்றுகை என்று மனம் ஏற்கெனவே ஒரு கதையைக் கட்டிவிட்டது.

விடை கோபுரத்திலேயே இருந்தது. அதன் அடியில் கிணறு; ஒட்டினாற்போல் சமையற்கட்டு; தலைக்கு மேலே புறாக்கள். சமையற்காரருக்குத் தண்ணீரும் இறைச்சியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வளர்ந்த புறா அல்ல, குஞ்சு. ஒரு சோடி ஒரு முறைக்கு இரண்டு முட்டை இடும். ஆண்டில் பல முறை குஞ்சு பொரிக்கும். ஏறக்குறைய நான்கு வார வயதில், உடல் முழுதாகத் திரண்டும் சிறகு இன்னும் பழகாமலும் இருக்கும் நாளில் எடுத்துவிட்டால் இறைச்சி மெத்தென்று இருக்கும். பறந்து பழகிய பிறகு மார்புச் சதை இறுகிவிடும். எச்சமும் வீணாகவில்லை, அது நல்ல உரம்.

புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்த சிபியின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் குழிகளை அதன்பிறகு பார்த்தபோது வயிற்றை என்னவோ செய்தது. மகளிடம் பாதியைத்தான் சொன்னேன்.

*

ஐயா, தாங்கள் பார்த்தது இடிந்தது. நான் பார்த்தது முழுதாக நிற்பது. ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியனில் உள்ள டர்ல்டன் கோட்டை 1650-இல் ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படையிடம் வீழ்ந்து இன்று பாழாகக் கிடக்கிறது. ஆனால் அதன் வளாகத்தில், தேன்கூட்டு வடிவில் கட்டிய பதினாறாம் நூற்றாண்டுப் புறாமாடம் மட்டும் கலையாமல் இருக்கிறது. அங்கே அதை 'டூகாட்' என்கிறார்கள். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். கண் இருட்டுக்குப் பழகப் பழக, தரையிலிருந்து குவிமாடம் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. குளிர்ந்த கல்லின் வாடையும் பழைய தூசியும் மூக்கில் ஏறின. நான் வாய்விட்டுப் பேசிய ஒரு சொல் சுவரைச் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது.

இத்தகைய மாடங்களின் வெளிச்சுவரில் வளையம் போலச் சுற்றிவரும் கல்விளிம்பை அழகுக்கானது என்று எண்ணிவிட வேண்டாம். சுவரேறும் எலி அதைத் தாண்ட முடியாது என்பதற்காக வைத்தது அது. பல மாடங்களில் நடுவே சுழலும் ஒரு தூணும், அதில் பொருத்திய ஏணியும் இருந்தன. ஏணியைத் தள்ளிச் சுழற்றிக்கொண்டே, கீழே இறங்காமல் எல்லாக் கூடுகளிலும் கையை விடலாம்.

தாங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று, அந்தப் புறாக்கள் யார் தானியத்தைத் தின்றன என்பது. ஆண்டின் பெரும்பகுதியில் பிரபு தீனி போட வேண்டியதில்லை; பறவைகள் சுற்றுவட்டாரத்து உழவர்களின் வயல்களில் மேய்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்பின. அந்த உபத்திரவம் மிகுந்துபோனதால்தான், போதிய நிலவருமானம் இல்லாதவர்கள் புறாமாடம் கட்டக் கூடாது என்று ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 1617-இல் சட்டம் இயற்றியது. உழவர் பக்கத்துக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான்; ஏற்கெனவே நின்ற மாடங்கள் நின்றன.

*

நான் பிரான்சில் வசிக்கிறேன். இங்கே உழவர்களின் அந்தக் கோபம் இன்னும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 1789 ஆகஸ்ட் 4-ஆம் நாள் இரவில் நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிக்கத் தீர்மானித்த தேசிய அவை, அதற்காக வெளியிட்ட ஆணையின் இரண்டாம் பிரிவிலேயே பிரபுக்களுக்கு மட்டுமே இருந்த புறாமாட உரிமையை நீக்கியது. ஊர்ச் சமூகங்கள் குறிக்கும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், அந்நாட்களில் தன் நிலத்தில் இறங்கும் புறாவை எவரும் கொல்லலாம் என்றும் அது சொன்னது. வேட்டை உரிமை மூன்றாம் பிரிவில்தான் வருகிறது.

*

முதலில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். தங்கள் இருவரின் பதிவுகளையும் படித்த பிறகு, போன வாரம் தனியாகப் போடியம் போய் வந்தேன். மேல் வரிசை மாடம் ஒன்றிலிருந்து காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் நின்றதும் ஒரு மாடப்புறா வந்து அதற்குள் நுழைந்து, திரும்பி, வாலை வெளியே வைத்து அமர்ந்தது.