மறு: கார் ‘பாலிஷ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘தேய்மெருகு’ என்றொரு பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காரின் வண்ணப்பூச்சை வீட்டிலேயே சீராக்க விரும்பும் புதியவர்களுக்கான கையேட்டில் ‘பாலிஷ்’ என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்ற கேள்விக்கு, இந்த இழையில் இதுவரை மெருகூட்டி, பளபளப்பூட்டி, மெருகெண்ணெய், தீட்டுவிழுது என நான்கு விடைகள் வந்திருக்கின்றன. நான்கையும் முன்வைத்தவர்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் இவற்றுள் எதை ஏற்றாலும், கையேட்டைப் படித்துச் செய்பவர் தம் காரைக் கெடுத்துக்கொள்ள இடமுண்டு என்று நினைப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘பாலிஷ் போடுதல்’ என்று நாம் அன்றாடம் சொல்வது எதிரெதிரான இரண்டு வேலைகளுக்குப் பொதுவாக நிற்கிறது. செருப்புக்குப் பாலிஷ் போடும்போது மேலே ஒன்றைப் பூசுகிறோம். நகத்துக்குப் போடுவதும் பூச்சுதான். காருக்குப் பாலிஷ் போடும்போதோ, மேலே இருக்கும் பூச்சிலிருந்து ஒரு மெல்லிய படலத்தைத் தேய்த்து எடுத்துவிடுகிறோம். அதே கடை அலமாரியில், அதே வடிவ டப்பாவில், மேலே பூசிவிடும் மெழுகும் இருக்கிறது; அதையும் பலர் பாலிஷ் என்றே கேட்டு வாங்குகிறார்கள். எடுப்பதும் சேர்ப்பதும் ஒரே பெயரில் நடமாடும்போது, புதியவர் இரண்டையும் சேர்ப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்.

எடுக்கப்படுவது எவ்வளவு சிறிய இருப்பிலிருந்து என்பதைக் கருதினால் இதன் தீவிரம் புரியும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் தகட்டின்மேல் நான்கு அடுக்குகள் இருக்கின்றன: துருவைத் தடுக்க மின்னோட்டத்தால் படியவைக்கப்படும் படலம், அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு. நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலேயிருக்கும் நிறமற்ற பூச்சு மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம்கூட இராது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் படலமே. அதன் முகம் சமமாக இருக்கும்வரை ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. மெல்லிய கீறல்கள் விழுந்தபின் ஒளி பல பக்கமும் சிதறுவதால் கார் மங்கித் தெரிகிறது. பாலிஷ் என்னும் வேலையில் நாம் கீறலாகிய பள்ளத்தை மேடாக்குவதில்லை. சுற்றியுள்ள பூச்சைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம். இறக்கியது இறக்கியதுதான், எந்த மெழுகும் அதைத் திரும்பத் தராது.

இதை நான் ஒரு காரைக் கெடுத்துக்கொண்ட வருத்தத்தோடு சொல்கிறேன். முதன்முதலாக வாங்கிய பழைய கார் அடர்நீல நிறம். தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும் என்று நம்பி, மாதம் ஒருமுறை தவறாமல் பானட்டைத் தேய்த்துவந்தேன். முதல் சில மாதங்கள் துணியில் வெள்ளைக் கசடே ஒட்டியது. ஒருநாள், பானட்டின் நீளவாக்கில் ஓடும் மடிப்பைத் தேய்த்துவிட்டுத் துணியைத் திருப்பியபோது, வெள்ளை இளநீலமாக மாறியிருந்தது. அழுக்கு கிளம்பி வருகிறது என்று மகிழ்ந்து, அதே இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். துணியில் வந்தது அழுக்கல்ல, காரின் நிறமே என்பதும், நிறமற்ற பூச்சு அந்த மடிப்பில் முன்பே தீர்ந்துவிட்டது என்பதும், விரலகலத்துக்கு ஒரு வெளிறிய கோடு நிரந்தரமாக நின்றபிறகுதான் புரிந்தன. மடிப்பிலும் விளிம்பிலும் பூச்சு மெல்லியதாகப் படிகிறது. கையின் அழுத்தமோ அங்கேதான் குவிகிறது. (நிறமற்ற மேற்பூச்சே இல்லாத பழைய முறை வண்ணத்தில் துணியில் நிறம் ஒட்டுவது இயல்பு என்பதையும் கையேட்டில் சொல்லியாக வேண்டும், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் தேய்த்துப் பார்த்து, எந்த வகை என்று அறிந்துகொள்ளலாம்.) அந்த டப்பாவின் பெயரிலேயே ‘தேய்’ என்ற ஒரு சொல் இருந்திருந்தால் நான் நின்று யோசித்திருப்பேன்.

இனி முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். மெருகூட்டி, பளபளப்பூட்டி இரண்டிலும் ‘ஊட்டு’ இருக்கிறது. மணமூட்டி மணத்தைச் சேர்க்கிறது, நிறமூட்டி நிறத்தைச் சேர்க்கிறது. அந்த வரிசையில் மெருகூட்டி வந்து நின்றால் அதுவும் எதையோ சேர்ப்பதாகவே எவரும் கொள்வர். மெருகெண்ணெய், மரத்துக்குப் பூசும் வார்னிஷுக்கு ஏற்கெனவே வழங்கிவரும் சொல்; அதை இங்கே கொண்டுவந்தால் இரு துறைகளுக்கும் இழப்பு.

தீட்டுவிழுது என்ற பரிந்துரைதான் என்னை நெடுநேரம் கட்டிப்போட்டது. கத்தி தீட்டுகிறோம், அரிசி தீட்டுகிறோம், மணியைப் பட்டை தீட்டுகிறோம். மூன்றிலும் மேலிருப்பது நீங்கி ஒளியோ கூர்மையோ பிறக்கிறது. தீட்டிய அரிசியில் தவிடு போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், காரைத் தீட்டினாலும் ஏதோ போகும் என்பது விளக்காமலே விளங்கும். இவ்வளவு பொருத்தமான வினைச்சொல் தமிழில் வேறில்லை என்றே முதலில் எண்ணினேன். ஆனால் ஓவியமும் தீட்டுகிறோம், கண்ணுக்கு மையும் தீட்டுகிறோம், வண்ணமும் தீட்டுகிறோம். எடுத்தலையும் பூசுதலையும் ஒரே வினை தாங்குவது நம் மொழியின் அழகுதான். அதே அழகு, வண்ணப்பூச்சு பற்றிய ஒரு கையேட்டில் நாம் தப்பிக்க முயலும் குழப்பத்துக்குள்ளேயே நம்மை மீண்டும் தள்ளிவிடும். ‘காரைத் தீட்டுங்கள்’ என்ற தொடரை வண்ணம் அடியுங்கள் என்று ஒருவர் படித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. மனமில்லாமல்தான் இச்சொல்லை விலக்குகிறேன்.

இதே காரணத்தால் ‘இழைத்தல்’ என்பதையும் விட்டுவிட்டேன். இழைப்புளி பிடித்த தச்சருக்கு அது சீவி எடுப்பது; பொன்னிழைத்த, மணியிழைத்த என்னும்போது அது பதித்துச் சேர்ப்பது.

என் பரிந்துரை ‘தேய்மெருகு’. மெருகு என்ற சொல்லை நாம் இழக்க வேண்டியதில்லை. பொற்கொல்லர் பட்டறையிலிருந்து ‘கை மெருகு குலையாதது’ என்னும் பேச்சுவழக்கு வரை அது வேரோடியிருக்கிறது. அதன்முன் ‘தேய்’ வந்து நின்றால், இந்த மெருகு எதன் விலையில் கிடைக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். எண்ணெய் தேய்ப்பதும் சேர்ப்பதுதானே என்று கேட்கலாம். ‘தேய்த்தல்’ என்ற பிறவினைக்கு அந்த இரட்டைத்தன்மை உண்டு என்பது உண்மையே. ஆனால் ‘தேய்’ என்னும் பகுதி மட்டும் முன்னால் நின்று தொகையாகும்போது, தேய்பிறையைப் போல, குறைதலே செவியில் முந்துகிறது.

நண்பர் ஒருவர் தனிமடலில், தேய்பிறை தேய்கின்ற பிறை என்றால் தேய்மெருகு தேய்ந்துபோன மெருகு ஆகிவிடாதா என்று கேட்டிருந்தார். நல்ல தடை. வினைத்தொகையில் பின்வரும் பெயர் எப்போதும் அந்த வினையின் எழுவாயாக இருக்க வேண்டியதில்லை. குடிநீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. எழுதுகோல் எழுதுவதற்கான கருவி. உண்கலம் உண்பதற்கான கலம். அவ்வாறே தேய்த்துப் பெறும் மெருகு தேய்மெருகு. மெருகு தேய்ந்துவிடுமோ என்ற ஐயம் படிப்பவருக்குச் சற்றே எழுந்தாலும் கையேட்டுக்கு அது தீங்கில்லை. அந்த எச்சரிக்கைக்காகத்தான் இந்தச் சொல்லையே தேடுகிறோம்.

அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினத் துகள்களை நெகிழ்வான நீர்மத்தில் கலந்து வரும் பொருளுக்குத் ‘தேய்விழுது’ எனலாம். பசை என்றால் ஒட்டும், களிம்பு என்றால் ஆற்றும். இது இரண்டையும் செய்வதில்லை. பணிமனைகளில் காம்பவுண்ட் (கரடான தேய்ப்பு) என்றும் பாலிஷ் (நுண்ணிய தேய்ப்பு) என்றும் பிரித்துச் சொல்லும் இரண்டு படிகளுக்கு, முதலில் பருந்தேய்ப்பு, நுண்தேய்ப்பு என்று எழுதிப்பார்த்தேன். வாய்விட்டுப் படித்தபோது முன்னதில் பருந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. வன்பொருள், மென்பொருள் என்பவை பழகிவிட்ட இக்காலத்தில் ‘வன்தேய்ப்பு’, ‘மென்தேய்ப்பு’ எளிதாக நிற்கும். புணர்ச்சி விதிப்படி வன்றேய்ப்பு ஆகாதா என்று கேட்பவர்களுக்கு, வன்தட்டு என்று இயல்பாகவே எழுதிவருகிறோம் என்பதே என் விடை. மேலே பூசிக் காக்கும் பொருள்கள் அனைத்துக்கும் ‘காப்புப்பூச்சு’ என்பது பொதுப்பெயராகவும், அவற்றுள் மெழுகு வகைக்குக் ‘காப்புமெழுகு’ என்பது சிறப்புப்பெயராகவும் இருக்கட்டும். ‘தேய்’ வந்தால் எடுப்பது, ‘காப்பு’ வந்தால் சேர்ப்பது. கையேடு முழுவதும் இந்த ஒரு கோடு பிறழாமல் நின்றால் போதும்.

உடன்வரும் சொற்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். மேலேயுள்ள நிறமற்ற அடுக்குக்குத் ‘தெளிபூச்சு’ என்று வந்திருக்கிறது; ஆனால் எல்லா அடுக்குகளையும் தெளித்துத்தான் பூசுகிறார்கள் என்று எண்ணுபவருக்கு அது எதையும் பிரித்துக்காட்டாது. ‘நிறப்பூச்சு’, ‘நிறமிலிப் பூச்சு’ என்ற இணை மேலானது. நிறம் இலி என்று பிரித்தாலும் நிறமி இலி என்று பிரித்தாலும் பொருள் சரியாகவே வருகிறது. கழுவியும் போகாமல் பூச்சில் குத்திக்கொண்டிருக்கும் இரும்புத்தூள் முதலியவற்றைப் பிடுங்கியெடுக்கும் பிசைகட்டியை, ஆங்கிலத்தில் ‘கிளே பார்’ என்பதால், களிமண் என்று எழுத வேண்டாம். தோட்டத்து மண்ணை எடுத்துத் தேய்ப்பவர் இருக்கக்கூடும். முள்வாங்கி என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கும்போது, அதன் அச்சிலேயே ‘துகள்வாங்கி’ என்று வார்த்துவிடலாம். தேய்ப்பதற்கான இயந்திரங்களுள், தட்டு சுழலும்போதே மையம் விலகியும் அசைவது, வெறுமனே சுழல்வதைவிடப் புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. அதற்கு ‘ஈரியக்கப் பொறி’, மற்றதற்குச் ‘சுழல்பொறி’.

கீறல் வகைக்கு வந்த ‘சுழிக்கீறல்’ குறித்து மட்டும் ஒரு திருத்தம். இருட்டில் காரின் பக்கவாட்டில் ஒரு டார்ச்சைக் காட்டினால், ஒளிப்பொட்டைச் சுற்றி வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். டார்ச்சைச் சற்று நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். உண்மையில் அங்கே வட்டம் எதுவும் இல்லை. அழுக்குத் துணி பல திசைகளில் இழுத்த மெல்லிய கோடுகளில், ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. சுழி என்று பெயரிட்டால், வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்ற தவறான எண்ணம் நிலைபெறும். ‘வலைக்கீறல்’ என்பது தோற்றத்தையும் சொல்கிறது, காரணத்தைப் பற்றிப் பொய்யும் சொல்வதில்லை.

இச்சொற்கள் தொடர்ந்து எழுதும்போது நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“காரைக் கழுவி உலர்த்தியபின், மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டுப் பூச்சின்மேல் தடவுங்கள். சொரசொரப்புத் தட்டுப்பட்டால், வழுக்கும் நீர்மத்தைத் தெளித்துக்கொண்டு துகள்வாங்கியை அழுத்தாமல் ஓட்டுங்கள். விளிம்புகளையும் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களையும் மறைப்பு நாடாவால் மூடுங்கள். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, ஒரு முழச் சதுரத்தில் மட்டும் மென்தேய்ப்பு செய்து, துடைத்து, விளக்கொளியில் பாருங்கள். வலைக்கீறல் போய்விட்டால் கார் முழுவதற்கும் அதுவே போதும். போகாவிட்டால் மட்டுமே வன்தேய்ப்புக்குச் செல்லுங்கள், அதன்பின் மென்தேய்ப்பால் அதன் மங்கலை நீக்குங்கள். நகம் இடறும் கீறல் ஆழமானது; அதை முழுவதும் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். நிறமிலிப் பூச்சு உரிந்து படைபடையாக வெளுத்த இடத்தில் தேய்மெருகால் பயனில்லை. தேய்விழுதின் எண்ணெய் கீறலை மறைத்திருக்கக்கூடும் என்பதால், நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் பாருங்கள். நிறைவு தந்தால் காப்புப்பூச்சு இடுங்கள்.”

இந்தப் பத்தியை, இதுவரை ஒரு காரையும் தேய்த்திராத என் தங்கையிடம் கொடுத்தேன். சில வாரங்களுக்கு முன் ‘மெருகூட்டி’ என்று எழுதியிருந்த முந்தைய வரைவையும் அவளே படித்திருந்தாள், அப்போது அவள் கேட்டது, “இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை போட வேண்டும்?” என்று. இப்போது படித்து முடித்தவுடன் கேட்டது, “அப்படியானால் மொத்தமே எத்தனை முறைதான் தேய்க்கலாம்?” என்று. மென்தேய்ப்பில் பொதுவாக ஒரு மைக்ரானை ஒட்டியும் வன்தேய்ப்பில் சில மைக்ரானும் போகும், விழுதையும் தேய்க்கும் பஞ்சையும் அழுத்தத்தையும் பொறுத்து அது மாறும், ஆகவே காரின் ஆயுளில் விரல்விட்டு எண்ணும் அளவோடு நிறுத்த வேண்டும், இடைப்பட்ட காலத்தில் காப்புப்பூச்சை மட்டும் புதுப்பிக்கலாம் என்று சொன்னேன். அவளுடைய இரண்டாவது கேள்வியையும் இந்த விடையையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட விரும்புகிறேன். பூச்சின் கனத்தை அளக்கும் கருவிக்குப் ‘பூச்சுக்கனமானி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடக் குறுகிய சொல் எவருக்கேனும் தோன்றினால் தெரிவியுங்கள்.