மண் பொம்மையில் வாஷ் அடித்தால் வளையம் கட்டுகிறது, வெள்ளையும் பூக்கிறது. உதவி தேவை

திருநகர் கொலு:
வணக்கம். இந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில் அழகர் ஆற்றில் இறங்கும் செட் வைக்கிறோம். விளாச்சேரியில் வெள்ளை மட்டும் அடித்த மண் பொம்மைகளாகப் பார்த்து வாங்கி, வண்ணத்தை நானே தீட்டுகிறேன். தங்கக் குதிரையில் பச்சைப் பட்டு உடுத்திய அழகர், துருத்தியோடு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றி நிற்கும் பெண்கள், அப்புறம் கூட்டத்துக்கு நாலு விரல் உயரத்தில் சின்னச் சின்ன ஆட்கள். அடிவண்ணம் நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் வேட்டி மடிப்பும் சேலைக் கொசுவமும் எடுப்பாகத் தெரியாமல் எல்லாம் தட்டையாக இருக்கிறது. மடிப்புக்குள் நிழல் இறங்கட்டும் என்று கறுப்பு அக்ரிலிக்கில் நிறையத் தண்ணீர் விட்டு வாஷ் அடித்தேன்.

வெள்ளை வேட்டியில் அது மடிப்புக்குள் போகாமல் மேட்டிலேயே வளையம் வளையமாகக் கறை கட்டி நிற்கிறது. இன்னொரு பொம்மையின் பச்சையில் காய்ந்த பிறகு பள்ளங்களில் வெள்ளை பூக்கிறது, இருட்டாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துத் தெரிகிறது. முகத்தில் பட்டால் அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. கூட்டத்து ஆட்கள் சிலருக்குப் போஸ்டர் கலர் அடித்திருந்தேன், அதில் வாஷ் பட்டதும் அடியில் இருந்த சிவப்பே கரைந்து பிரஷோடு வந்துவிட்டது. வீட்டில் போர் தண்ணீர்தான், காற்றாடிக்குக் கீழே வைத்துத்தான் காயவைக்கிறேன். சிட்டாடல் நல்ன் ஆயில் மாதிரி ரெடிமேட் வாஷ் வாங்கினால் இதெல்லாம் தீருமா, இல்லை இங்கே கடையில் கிடைப்பதை வைத்தே சரி செய்யலாமா? அழகர் பொம்மையில் இன்னும் வாஷ் படவில்லை, அதற்கு முன்னால் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழங்காநத்தம்:
தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்பதுதான் காரணம் தம்பி. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விடுங்கள், ஓடும்.

ஒத்தக்கடை மாடல்:
ஓடும் அண்ணே, ஆனால் அதில் நுரை வரும். நுரைக் குமிழி உடைந்த இடத்தில் சின்னச் சின்ன வட்டம் விழும். அதோடு சோப்பு காய்ந்து மேலேயே தங்கிவிட்டால் அடுத்து அடிக்கும் பூச்சு சரியாகப் பிடிக்காது. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்க ஃப்ளோ இம்ப்ரூவர் என்றே ஒன்று விற்கிறார்கள், வின்சர் அண்ட் நியூட்டனில் உண்டு, லிக்விடெக்ஸில் அதன் பெயர் ஃப்ளோ எய்ட். கிடைத்தால் அதில் துளி போதும், கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது.

தம்பி, நான் பிளாஸ்டிக் விமானம், டாங்கி மாடல்கள் செய்கிறவன். நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் பார்த்தால் கோளாறு வாஷில் பாதிதான், மீதி அதற்கு அடியில் இருக்கிறது. வளையத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு சொட்டு காயும்போது ஓரம்தான் முதலில் காய்கிறது. அதை ஈடுகட்ட நடுவில் இருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, ஓடும்போது நிறத் துகளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே குவிக்கிறது. சிந்திய காப்பி ஓரத்தில் மட்டும் கறுத்து நிற்பது இதனால்தான், 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதை விளக்கி எழுதினார்கள். மதுரை வெயிலில் காற்றாடியையும் போட்டால் ஓரம் இன்னும் சீக்கிரம் காயும், வளையம் இன்னும் கெட்டியாக விழும். அதனால் வாஷ் அடிக்கும்போதும் காயும்வரையும் காற்றாடியை நிறுத்திவிடுங்கள். வேர்க்கும்தான், வேறு வழியில்லை.

இரண்டாவது, பரப்பு. மேட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட்டில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கிறது, அது வாஷைப் பட்ட இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அடிவண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் மெல்லிசாக ஒரு கை அடியுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், அக்ரிலிக் உள்ளே இறுகச் சில நாள் பிடிக்கும். வார்னிஷும் காய்ந்த பிறகு வாஷ் அடித்துப் பாருங்கள், மேட்டிலிருந்து வழுக்கிப் பள்ளத்துக்குத் தானாக இறங்கும். பளபளப்பை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தால் போய்விடும்.

மூன்றாவது, கலவை. வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் நிறத்தைப் பிடித்து வைக்கும் பசையும் நீர்த்துவிடும், காய்ந்ததும் துகள் மாவு மாதிரி நிற்கும். பெயின்ட் 1 பங்கு, அக்ரிலிக் மேட் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசை) 3 பங்கு, தண்ணீர் 3 பங்கு என்று ஆரம்பித்து உடைந்த பொம்மை ஏதாவது ஒன்றில் பார்த்துக்கொண்டு கூட்டிக் குறையுங்கள். பிரஷை முக்கியதும் துணியில் ஒரு தரம் ஒற்றிவிட்டு அடியுங்கள். ஒரு வேட்டியை எடுத்தால் ஒரு தையலிலிருந்து அடுத்த ஓரம் வரை ஒரே மூச்சில் முடியுங்கள், நடுவில் விட்டால் விட்ட இடத்தில் கோடு விழும். எங்கேயாவது தேங்கி நின்றால் ஈரமான, வாஷ் இல்லாத இன்னொரு பிரஷின் நுனியை அதில் வைத்தால் போதும், உறிஞ்சிக்கொள்ளும்.

ரெடிமேட் நல்லதுதான். நல்ன் ஆயில் கறுப்பு, ஏக்ராக்ஸ் எர்த்ஷேடு பழுப்பு. சிட்டாடல்காரர்கள் 2022-ல் ஷேடு என்ற தங்கள் வாஷ் வரிசையின் கலவையையே மாற்றினார்கள், அதனால் அதற்கு முந்தைய வீடியோக்களில் காட்டுகிற மாதிரியே இப்போது விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உறிஞ்சும் மண்ணில் அதுவும் கறைதான் கட்டும். முதலில் பரப்பைச் சரி செய்யுங்கள்.

விளாச்சேரி பட்டறை:
அண்ணன் சொன்னது சரி. மண் பொம்மைக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். பொம்மையைக் கவிழ்த்து, அடிப்பக்கம் வண்ணம் படாத இடத்தில் ஈரக் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேயுங்கள். விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பூச்சுக்குப் பசை போதவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் எத்தனை கை வண்ணம் அடித்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கும், நிறம் மேலேயே தங்கும். இனிமேல் தீட்டப் போகும் பொம்மைகளுக்கு அக்ரிலிக் பிரைமர் அல்லது நீர்த்த மீடியம் ஒரு கை கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். வெள்ளை ஃபெவிகால் கரைசல் அடிக்கிறவர்கள் உண்டு, வாஷ் வேலைக்கு அது வேண்டாம், மறுபடி ஈரம் பட்டால் இளகும்.

போஸ்டர் கலர் அடித்த ஆட்களை பிரஷால் தொடவே தொடாதீர்கள். அது காய்ந்தாலும் தண்ணீரில் கரையும். டப்பா ஸ்ப்ரே வார்னிஷ் தூரத்திலிருந்து மெல்லிசாகப் புகைபோல் அடித்து, காயவிட்டு, மறுபடி மெல்லிசாக அடியுங்கள். ஒரேயடியாக ஈரமாக்கினால் அதிலும் கலங்கும். அப்புறம் அதன்மேல் வாஷ் போகலாம்.

திருநகர் கொலு:
தேய்த்துப் பார்த்தேன், விரல் முழுக்க வெள்ளை. வேட்டிக் கறைக்குக் காரணம் புரிந்துவிட்டது. பச்சையில் வெள்ளை பூப்பதும் இதே காரணமா அண்ணே? அந்தப் பொம்மைக்கு அடியில் பிரைமர் அடித்திருந்தேன், விரலில் எதுவும் ஒட்டவில்லை.

ஒத்தக்கடை மாடல்:
அப்படியென்றால் உங்கள் போர் தண்ணீரைச் சந்தேகப்படுகிறேன். கறுப்புத் தட்டு எதிலாவது ஒரு சொட்டு விட்டு அப்படியே காயவிடுங்கள். உப்பு வெள்ளையாகப் படிந்து நின்றால் அதே உப்புதான் பள்ளத்திலும் நிற்கிறது, வாஷ் கடைசியாகக் காயும் இடம் அதுதானே. கொதிக்கவைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது. ஆர்ஓ தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினால் ஒரு கேன் கொலு முடிகிற வரைக்கும் வரும். பிரஷ் அலசுவதற்குப் போர் தண்ணீர் போதும், கடைசி முக்கு மட்டும் நல்ல தண்ணீரில்.

இப்போது பூத்திருப்பதை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். உப்பு என்றால் வந்துவிடும். வரவில்லை என்றால் பசை போதாமல் துகள் வெளுத்திருக்கிறது. அதன்மேல் கிளாஸ் வார்னிஷ் ஒரு கை போனால் பெரும்பாலும் மறைந்து பழைய நிறம் திரும்பும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம், காய்ந்த அக்ரிலிக்கையே அது இளக்கும்.

மேலமாசி வீதி:
முகத்துக்கு நான் சொல்கிறேன் தம்பி, பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் ஊர் ஆட்களின் மேனிக்குக் கறுப்பு நிழல் ஒட்டவே ஒட்டாது. பர்ன்ட் சியன்னாவோடு (செம்பழுப்பு) துளி பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) சேர்த்து, மற்ற இடத்துக்கு வைத்ததைவிட இன்னும் நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். முகம் முழுக்க அடிக்காமல் கண்குழி, மூக்கின் பக்கம், உதட்டுக்குக் கீழே, கழுத்தில் தாடையின் நிழல் விழும் இடம், இவற்றில் மட்டும் மெல்லிய பிரஷ் நுனியால் வையுங்கள். காய்ந்ததும் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் பழைய மேனி நிறத்தையே மறுபடி தொட்டுவிட்டால் முகம் எழுந்து வரும். சின்ன முகத்தில் இந்தக் கடைசித் தொடுதல்தான் பெரிய வேலை செய்கிறது.

வெள்ளை வேட்டிக்கும் கறுப்பு வேண்டாம். நீலம் கலந்த சாம்பல், அதுவும் மிக லேசாக. பச்சைப் பட்டுக்கு ஆழ்ந்த பச்சையில் கொஞ்சம் நீலம். ஊரே விளைச்சலுக்கு நல்ல சகுனம் என்று பார்க்கும் நிறத்தைக் கறுப்பில் மங்கவைக்க மனசு வருமா?

திருநகர் கொலு:
அக்கா சொன்னபடி தண்ணீர் பீய்ச்சுகிறவர் ஒருவருக்கு முகம் செய்தேன், அருமையாக வந்திருக்கிறது. கையில் துருத்தியின் தோல் சுருக்கம் வரை தெரிகிறது. ஆர்ஓ தண்ணீரில் கலந்தால் வெள்ளை பூப்பதும் இல்லை. வேட்டியில் ஏற்கெனவே விழுந்த வளையத்தை என்ன செய்வது? தங்கக் குதிரைக்கும் இதே முறைதானா?

ஒத்தக்கடை மாடல்:
காய்ந்த வளையம் துடைத்தால் போகாது. மடிப்பின் மேட்டில் மட்டும் வெள்ளையை நீர்க்க வைத்து மெல்லிசாகப் பல கை ஏற்றுங்கள், கறை பள்ளத்தோடு சேர்ந்து நிழலாகிவிடும். அந்த வேட்டிக்கு மறுபடி வாஷ் போவதாக இருந்தால் மீடியம் ஒரு கை கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

குதிரைக்குப் பொன் வண்ணம், அதன்மேல் கிளாஸ், அப்புறம் செம்பழுப்பு வாஷ். கறுப்பு போட்டால் பொன் பித்தளைபோல் ஆகிவிடும். பிடரி, சேணம், கடிவாளம் சேரும் இடங்களில் தேங்கட்டும், உடம்பின் மேட்டில் தேங்கினால் உடனே உறிஞ்சி எடுங்கள். கடைசியில் மேட் வார்னிஷ் மற்ற எல்லாவற்றுக்கும் போகட்டும், குதிரைக்கு வேண்டாம், தங்கத்தின் மினுக்கை அது கொன்றுவிடும். குதிரையை ஒட்டுத்தாளால் மூடிவிட்டு அழகருக்கு மட்டும் அடியுங்கள்.

மேட் வார்னிஷ் பாட்டிலை அடியில் படிந்தது எல்லாம் கலக்கும் வரை குலுக்குங்கள், குலுக்காமல் அடித்தால் அதுவே வெள்ளையாகப் பூக்கும். ஸ்ப்ரே என்றால் மழை வரும் சாயங்காலத்தில் எடுக்கவே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் வார்னிஷ் பால்போல் கலங்கி நிற்கும், புரட்டாசியில் எந்த நேரமும் மழை வரலாம். காலையில் வெயில் ஏறிய பிறகு மொட்டை மாடி நிழலில் வைத்து அடித்துவிடுங்கள்.