ஆரக்கிள் எஸ்இ2 லைசென்ஸ் இரண்டு, கிளவுடில் ஓடுவது 16 விசிபியு: ஒத்து வருமா?

நொய்யல்கரை (திங்கள் இரவு)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஐடி வேலை முழுவதையும் நானும் ஒரு தம்பியும் பார்க்கிறோம். நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் லிஸ்ட் வரை எல்லாம் ஒரே இஆர்பி மென்பொருளில்தான். பின்னால் இருப்பது ஆரக்கிள் 19சி டேட்டாபேஸ்.

போன வருடம் வரை ஆபீஸ் மாடியிலேயே சொந்த சர்வர். இரண்டு சாக்கெட் (பிராசசர் சிப் பொருத்தும் இடம்) மெஷின் என்பதால் ஸ்டாண்டர்ட் எடிஷன் 2-இல் (எஸ்இ2) இரண்டு பிராசசர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம். சப்போர்ட்டும் விடாமல் கட்டி வருகிறோம். கோடையில் யுபிஎஸ் இரண்டு முறை கைவிட்டது. இரண்டாவது முறை ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள். பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியாமல், தூத்துக்குடி போக வேண்டிய கண்டெய்னர் வாசலிலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் முதலாளி கிளவுடுக்குச் சம்மதித்தார்.

மாற்றிக் கொடுத்தவர் வெளியாள். அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், மும்பையில், எம்5.4எக்ஸ்லார்ஜ் என்ற இன்ஸ்டன்ஸ் (வாடகை மெஷின்) போட்டார். 16 விசிபியு (மெய்நிகர் சிபியு), 64 ஜிபி மெமரி. "எஸ்இ2 அதிகபட்சம் 16 த்ரெட் பயன்படுத்தும், அதனால் 16 விசிபியு சரியாக இருக்கும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்போது சப்போர்ட் புதுப்பிக்கும் நேரம். எங்கே ஓடுகிறது, எத்தனை விசிபியு என்று எழுதித் தரச் சொல்லி ரீசெல்லரிடமிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. அவிநாசியில் ஒரு மில்லில் இருக்கும் நண்பர், கிளவுடில் கணக்கே வேறு என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இரண்டு லைசென்ஸ் 16 விசிபியுவுக்குப் போதுமா? போதாது என்றால் இன்னும் எத்தனை வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பீளமேடு டிபிஏ (திங்கள் இரவு)

போதாதுங்க. இன்னும் வாங்கினாலும் தீராது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) என்பது எஸ்இ2 மென்பொருள் ஒரு டேட்டாபேஸுக்குள் தானே வைத்திருக்கும் எல்லை. அது எத்தனை த்ரெட்டில் வேலை செய்யும் என்பதைத்தான் சொல்கிறது, எத்தனை லைசென்ஸ் வேண்டும் என்பதை அல்ல. கிளவுடுக்கு ஆரக்கிள் தனியாக ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டிருக்கிறது. ஏடபிள்யூஎஸ், அஷூர், கூகுள் கிளவுட் ஆகியவற்றுக்கு அதுதான் பேசும். அதில் எஸ்இ2-வுக்கு நான்கு விசிபியு வரை ஒரு சாக்கெட். அதற்கு மேல் ஒவ்வொரு நான்குக்கும் ஒரு சாக்கெட், மிச்சம் இருந்தால் மேல்நோக்கி முழுதாக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 16-க்கு நான்கு லைசென்ஸ் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் அதே ஆவணத்தில், எஸ்இ2-வை 8 விசிபியுவுக்கு மேற்பட்ட இன்ஸ்டன்ஸில் போடவே கூடாது என்றும் இருக்கிறது. ஆகவே நீங்கள் நான்கல்ல, பத்து லைசென்ஸ் வாங்கினாலும் எம்5.4எக்ஸ்லார்ஜில் எஸ்இ2 ஓட்ட முடியாது.

உங்களுக்கு நல்ல சேதியும் இதிலேயே இருக்கிறது. கையில் இருக்கும் இரண்டு லைசென்ஸுக்கு 8 விசிபியு சரியாகப் பொருந்தும். ஆர்5.2எக்ஸ்லார்ஜ் பாருங்கள்: 8 விசிபியு, அதே 64 ஜிபி மெமரி. டேட்டாபேஸுக்குப் பெரும்பாலும் மெமரிதான் முக்கியம். சிபியு எவ்வளவு போகிறது என்று ஒரு மாத கிராஃப் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கரூர் ஜமக்காளம் (செவ்வாய் காலை)

இன்டெல் சிப்புக்கு 0.5 என்று ஒரு கோர் ஃபாக்டர் உண்டே? அதைப் பெருக்கினால் பாதியாகிவிடுமே? நாங்கள் சொந்த சர்வர் வைத்திருந்தபோது இன்னொரு டேட்டாபேஸுக்கு அப்படித்தான் கணக்குப் போட்டோம்.

பீளமேடு டிபிஏ (செவ்வாய் காலை)

அது ஆரக்கிளின் பெரிய, விலை கூடிய என்டர்பிரைஸ் எடிஷனுக்கு, அதுவும் நம் சொந்த மெஷினில் ஓடும்போது. எஸ்இ2 சாக்கெட் கணக்கு, அதற்குக் கோர் ஃபாக்டர் எங்குமே கிடையாது. என்டர்பிரைஸாக இருந்தாலும் இந்தக் கிளவுடுகளில் கோர் ஃபாக்டர் அட்டவணை செல்லாது என்று அந்த ஆவணமே சொல்கிறது. ஹைப்பர் த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு த்ரெட் ஓட்டும் வசதி) இருந்தால் இரண்டு விசிபியுவுக்கு ஒரு பிராசசர் லைசென்ஸ், இல்லாவிட்டால் ஒவ்வொரு விசிபியுவுக்கும் ஒன்று. 2017 ஜனவரியில் வந்த மாற்றம் இது. பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பலர் இன்னும் பாதிதான் எண்ணுகிறார்கள்.

ஆரக்கிளின் சொந்தக் கிளவுடில் வேறு கணக்கு. அங்கே ஒரு எஸ்இ2 லைசென்ஸுக்கு நான்கு ஓசிபியு, அதாவது எட்டு விசிபியு. ஒரே லைசென்ஸ் இடத்துக்கு இடம் இப்படி நீளும், சுருங்கும். அதனால்தான் இடம் மாறும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நொய்யல்கரை (செவ்வாய் மதியம்)

ரொம்ப நன்றிங்க அண்ணா. கிராஃப் எடுத்தேன். வாரம் முழுக்க 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. சனிக்கிழமை மட்டும் மதியம் ஒரு மணியிலிருந்து ஏறுகிறது, அன்றுதான் வாரச் சம்பளம் போடுகிறோம். பீஸ் ரேட் கணக்கு முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஓடும். அப்போதும் 45-ஐத் தாண்டவில்லை. 8 விசிபியு தாங்கும் போலிருக்கிறது.

ஒரு சந்தேகம். இன்ஸ்டன்ஸை மாற்றாமல், ஏடபிள்யூஎஸ்ஸில் கோர் எண்ணிக்கையைக் குறைக்கும் வசதி இருக்கிறதே, அதை வைத்து 8 ஆக்கினால் போதாதா?

பீளமேடு டிபிஏ (செவ்வாய் மாலை)

அந்த வசதியை நம்பி லைசென்ஸ் கணக்குப் போடாதீர்கள். அந்த இன்ஸ்டன்ஸ் வகைக்கு உள்ள அதிகபட்ச விசிபியுவை எண்ண வேண்டும் என்பது ஆவணத்தின் வாசகம். எம்5.4எக்ஸ்லார்ஜ் என்றால் 16 என்றே எண்ணுவார்கள். ஆர்5.2எக்ஸ்லார்ஜில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கையெழுத்துக்கு முன் ஒன்று கேட்கிறேன், மறுக்காமல் செய்யுங்கள். டேட்டாபேஸில் நுழைந்து வி$வெர்ஷன் வியூவில் பேனர் வரி என்ன காட்டுகிறது என்று பார்த்து, அப்படியே இங்கே போடுங்கள்.

நொய்யல்கரை (செவ்வாய் இரவு)

"ஆரக்கிள் டேட்டாபேஸ் 19சி என்டர்பிரைஸ் எடிஷன்" என்று வருகிறது.

அண்ணா, நாங்கள் வாங்கியது எஸ்இ2 தான். பில் கையில் இருக்கிறது. இது எப்படி வந்தது?

பீளமேடு டிபிஏ (செவ்வாய் இரவு)

பயந்தது சரியாகிவிட்டது. பதறாதீர்கள், ஆனால் இனி வேலை கொஞ்சம் பெரியது.

19சி-யில் இரண்டு எடிஷனுக்கும் இறக்கும் ஜிப் ஃபைல் ஒன்றேதான். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு திரையில் எது வேண்டும் என்று கேட்கும், என்டர்பிரைஸ் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். ஆர்பிஎம் (லினக்ஸ் பேக்கேஜ்) வழியாகப் போட்டால் அந்தக் கேள்வியும் கிடையாது, நேராக என்டர்பிரைஸ்தான். லைசென்ஸ் சாவி எதுவும் கேட்காது, எதையும் பூட்டாது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டு போனவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இதன் எடையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியல் விலையில் எஸ்இ2 பிராசசர் ஒன்று 17,500 டாலர், என்டர்பிரைஸ் 47,500 டாலர். உங்கள் 16 விசிபியுவுக்கு எட்டு லைசென்ஸ், அதாவது 3,80,000 டாலர். அதன் மேல் வருடத்துக்கு 22 சதவீதம் சப்போர்ட். பார்ட்டிஷனிங் (பெரிய டேபிளைத் துண்டுகளாகப் பிரிக்கும் வசதி) பயன்படுத்தியிருந்தால் பிராசசருக்கு 11,500, டயக்னாஸ்டிக்ஸ் பேக்குக்கு (வேகக் குறையை ஆராயும் வசதி) 7,500 தனி. உங்களை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. முதலாளியிடம் பேசும்போது இந்த எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து டிபிஏ_ஃபீச்சர்_யூசேஜ்_ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வியூவை எடுத்துப் பாருங்கள். எந்தெந்த வசதி எப்போது பயன்பட்டது என்று டேட்டாபேஸே எழுதி வைத்திருக்கும். கன்ட்ரோல்_மேனேஜ்மென்ட்_பேக்_ஆக்சஸ் என்ற செட்டிங் என்ன மதிப்பில் இருக்கிறது என்றும் பாருங்கள். என்டர்பிரைஸில் அது தானாகவே டயக்னாஸ்டிக்+டியூனிங் என்று திறந்தே இருக்கும்; யாராவது ஏடபிள்யூஆர் ரிப்போர்ட் (டேட்டாபேஸின் வேக அறிக்கை) ஒன்று எடுத்திருந்தாலே டயக்னாஸ்டிக்ஸ் பேக் பயன்படுத்தியதாகிவிடும்.

சங்ககிரி லாரி (புதன் காலை)

பெரிய விஷயமாக்க வேண்டாம் தம்பி. புது மெஷினில் எஸ்இ2 போட்டு மாற்றிவிட்டு, பழையதை அழித்துவிட்டு, தாளில் எஸ்இ2 என்று எழுதிக் கொடுத்துவிடு. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பீளமேடு டிபிஏ (புதன் காலை)

அண்ணா, மரியாதையாகவே மறுக்கிறேன். மாற்றுவது சரி. ஆனால் இத்தனை மாதம் என்டர்பிரைஸ் ஓடியது நடந்த விஷயம். அதை மறைத்துக் கையெழுத்துப் போடுவது நொய்யல்கரையின் பெயரில் போகும் கையெழுத்து, முதலாளியின் பெயரில் கூட அல்ல. தெரியாமல் நடந்த பிழையை, ஆதாரத்தை அழித்து ஏமாற்றாக ஆக்க வேண்டாம். பட்டியலை எடுத்து பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலாளியிடம் சொல்லி, ஒப்பந்தம் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டு முடிவு எடுப்பதுதான் முறை. அந்தக் கொள்கை ஆவணம் தன்னைப் பற்றியே, தகவலுக்காக மட்டும், ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று சொல்கிறது. உங்களைக் கட்டுவது நீங்கள் வாங்கும்போது கையெழுத்திட்ட ஆர்டர் தாள்கள். அவற்றைத் தேடி எடுங்கள்.

கோவை பம்ப்செட் (புதன் மதியம்)

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வரி. அங்கேயும் எண்ணாமல் போகக் கூடாது. விர்ச்சுவல் மெஷினுக்குக் கோர் லைசென்ஸ் குறைந்தது நான்கு, சின்ன மெஷின் என்றாலும் நான்குதான். பழைய லைசென்ஸைப் பொதுக் கிளவுடுக்குத் தூக்கிப் போக சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (அவர்களுடைய பராமரிப்புச் சந்தா) நடப்பில் இருக்க வேண்டும்.

நொய்யல்கரை (புதன் இரவு)

இன்று மாலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாளை இப்போது தர வேண்டாம், இரண்டு வாரம் கேள்" என்றார். ரீசெல்லர் ஒத்துக்கொண்டார். கோயம்புத்தூரில் எங்கள் ஆடிட்டர் மூலம் வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போகிறோம். ஃபீச்சர் பட்டியலில் பார்ட்டிஷனிங்கும் ஏடபிள்யூஆரும் வந்திருக்கின்றன. மாற்றிக் கொடுத்தவர் டேட்டாபேஸில் பஞ்சிங் (வருகைப் பதிவு) டேபிளைப் பார்ட்டிஷன் செய்திருக்கிறார்.

இப்போது என்டர்பிரைஸிலிருந்து எஸ்இ2-வுக்கு இறக்குவது எப்படி? டெஸ்ட் சர்வர் ஒன்றும் இருக்கிறது, பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருப்போம். அதுவும் கணக்கில் வருமா?

பீளமேடு டிபிஏ (புதன் இரவு)

டெஸ்ட் சர்வரும் கணக்கில் வரும். "இன்ஸ்டால் ஆகியிருக்கும் அல்லது ஓடும்" பிராசசர் எல்லாம் என்பதுதான் ஒப்பந்தத்தின் வாசகம், நிறுத்தி வைத்தாலும் இன்ஸ்டால் ஆகித்தானே இருக்கிறது. அதை நீக்கிவிட்டு, டெஸ்டுக்கு ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் லைசென்ஸ் சேர்ந்தே வரும் எஸ்இ2 எடுங்கள். மணிக்கணக்கில் வாடகை. நிறுத்தி வைக்கலாம், ஏழு நாளில் தானாக எழுந்துகொள்ளும், கவனம். அங்கே சிஸ்டிபிஏ என்ற முழு நிர்வாக உரிமை கிடைக்காது. உங்கள் இஆர்பிகாரர் அதைக் கேட்பாரா என்று முதலில் விசாரியுங்கள்.

எடிஷனை அப்படியே இறக்க முடியாது. புது மெஷினில் எஸ்இ2 போட்டு, ஆரக்கிளின் டேட்டா பம்ப் கருவி வழியாக எடுத்துப் போட வேண்டும். எடுக்கும்போது பேரலல் (ஒரே வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவது) போகும், எஸ்இ2-வில் போடும்போது போகாது. ஸ்கீமா வாரியாக இரண்டு மூன்று இம்போர்ட்டைத் தனித்தனியாக ஓட்டினால் நேரம் மிச்சம். பார்ட்டிஷன் டேபிளுக்கு பார்ட்டிஷன்_ஆப்ஷன்ஸ்=மெர்ஜ் கொடுங்கள், ஒரே டேபிளாக வந்துவிடும். பிட்மேப் இண்டெக்ஸ் எதாவது இருந்தால் ஓஆர்ஏ-00439 என்ற பிழையோடு நிற்கும், அதைச் சாதாரண இண்டெக்ஸாக எழுதிப் போடுங்கள். முடிந்ததும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்க மறக்காதீர்கள். ஏடபிள்யூஆருக்குப் பதில் ஸ்டேட்ஸ்பேக், அதற்குக் காசில்லை. சனிக்கிழமை சம்பளம் முடிந்த பிறகு தொடங்குங்கள், ஞாயிறு முழுக்க உங்களுக்கு இருக்கிறது. அதற்கு முன் ஒரு முறை ஒத்திகை கட்டாயம்.

நொய்யல்கரை (பதின்மூன்று நாள் கழித்து, செவ்வாய்)

தாமதத்துக்கு மன்னிக்கவும். முடித்துவிட்டோம்.

ஒத்திகையில் மூன்று பிட்மேப் இண்டெக்ஸ் மாட்டியது, நீங்கள் சொன்ன அதே எண். போன சனிக்கிழமை அல்ல, அதற்கு முந்தின சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எக்ஸ்போர்ட் தொடங்கி, ஞாயிறு மதியம் இரண்டுக்கு இஆர்பி புது மெஷினில் எழுந்தது. தம்பி இரவு முழுக்கக் கூடவே இருந்தான். திங்கள் காலை கட்டிங் மாஸ்டர் ஒருவர் மட்டும் ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்றார். பஞ்சிங் டேபிளில் தேதிக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது.

நான் பயந்தது சனிக்கிழமையைத்தான். வாரச் சம்பளம் 8 விசிபியுவில் ஓடியது, சிபியு 80 வரை போனது, எப்போதும் முடிவதைவிடப் பத்து நிமிடம் அதிகம் ஆனது. நான்கு மணிக்குக் கவர் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் பழைய இன்ஸ்டன்ஸை நீக்கினேன். பேக்கப்பும் ஃபீச்சர் பட்டியலும் தனியாக இருக்கின்றன. வக்கீல் சொன்னபடி, முன்பு ஓடியது, எப்போது நிறுத்தினோம் இரண்டையும் கடிதமாக எழுதித் தாளுடன் சேர்த்து நேற்று கொடுத்தோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

கரூர் ஜமக்காளம் (செவ்வாய் மாலை)

படித்துவிட்டு எங்களுடையதில் பேனர் பார்த்தேன். அஷூர், 4 விசிபியு, வாங்கியது எஸ்இ2 ஒன்று. வருவது என்டர்பிரைஸ். பீளமேடு அண்ணா, எங்கிருந்து தொடங்கட்டும்?

பீளமேடு டிபிஏ (செவ்வாய் மாலை)

எதையும் தொடாமல் ஃபீச்சர் பட்டியலை எடுத்து வையுங்கள். அப்புறம் ஆர்டர் தாள். இரண்டும் கையில் வந்ததும் எழுதுங்கள், இன்று இரவு இருக்கிறேன்.