கிளிநொச்சியிலயிருந்து கே (தன்பாலின) சோடி: முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எங்க போறது?

இரணைமடுக்காரன்:
ஊரில எங்களைக் கூட்டாளியள் எண்டுதான் தெரியும். ஒரு கிழமைக்குப் போக சென்னை, பாங்கொக், தாய்ப்பே (தாய்வான்) மூண்டும் யோசனையில இருக்கு. சட்டம், விசா, ஹோட்டல் எல்லாம் பார்த்தா எது சரிவரும்?

பரந்தன்_சந்தி:
பாங்கொக். 2025 ஜனவரி 23 தொடக்கம் அங்க தன்பாலினத் திருமணமே சட்டப்படி செல்லும். டபிள் பெட் கேட்டா ஒருத்தரும் ஏன் எண்டு கேட்க மாட்டினம். தாய்வான் 2019இலயே திருமணத்தை ஏற்றது, ஆனா எங்கட பாஸ்போட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்கவேணும். சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை, ஆண்-ஆண் உறவைக் குற்றமாக்கின 377ஏ பிரிவும் 2023 ஜனவரியோட போட்டுது. அறை வாடகைதான் உயிரை வாங்கும். மாலைதீவுப் படங்களைப் பார்த்து மயங்காதேங்கோ, அங்க தன்பாலின உறவு குற்றம். மலேசியாவில 20 வருசம் வரை சிறை, பிரம்படியும்.

சென்னையில 2018க்குப் பிறகு சட்டச் சிக்கல் இல்லை. ஆனா பலாலியில விமானம் ஏறினாலே பக்கத்து சீற்றில சொந்தக்காரர் இருப்பினம். மறைவா இருக்க நினைக்கிற ஆக்களுக்கு அது தோதில்லை.

வவுனிக்குளம்:
பாஸ்போட்டுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, வவுனியாக் கந்தோரிலயே போடலாம். புத்தளம், நீர்கொழும்பு வழியாப் போற பஸ் எண்டா விமான நிலையத்துக்குக் கட்டுநாயக்கவில இறங்கலாம். டிக்கெட் நேரடியா எடுங்கோ. கோலாலம்பூரில மாறுறது மலிவுதான். விமானம் பிந்தினா இரவு அங்கதான் கிடக்கவேணும்.

அறைப் பதிவில ரெண்டு பேரின்ர பேரும் இருக்கவேணும். ஒராளின்ர பேர் மட்டும் எண்டா, குடிவரவில தங்குமிடம் கேட்கேக்க மற்றவருக்குக் காட்ட ஒண்டுமிராது. திரும்பி வாற டிக்கெட்டையும் அச்செடுத்து வையுங்கோ. தாய்லாந்து வருகை அட்டையை இணையத்தில, போய் இறங்க முந்தின 3 நாளுக்குள்ள நிரப்பவேணும். அது இலவசம்; காசு கேட்கிற தளம் போலி. விசா விதி அடிக்கடி மாறுறதால டிக்கெட்டுக்கு முதல் ஒருக்காப் பாருங்கோ.

பாங்கொக்கில சீலோம் பக்கம் தங்கிறதெண்டா, சுவர்ணபூமி விமான நிலையத்திலயிருந்து ரயிலில பயா தாய், அங்கயிருந்து பீடிஎஸ் எண்ட மேம்பால ரயில், சியாமில மாறி சாலா டேங்கில இறங்கவேணும்.

இரணைமடுக்காரன்:
திரும்பி வரேக்க போன் பார்ப்பினமோ?

பரந்தன்_சந்தி:
வழக்கமா இல்லை. ஆனா தன்பாலின உறவைக் குற்றமாக்கிற 365, 365ஏ பிரிவுகள் இஞ்ச இன்னும் இருக்கு, அதைக் காட்டி வெருட்டிக் காசு பறிக்கிறவங்களும் இருக்கிறாங்கள். கட்டுநாயக்கவுக்கு முதலே டேட்டிங் ஆப்பைக் கழட்டுங்கோ. அதைவிட வீட்டுக்காரர்தான் கெதியாக் கண்டுபிடிப்பினம்: தங்கச்சியின்ர போனிலயும் அதே கூகுள் கணக்கு ஓடினா, படமெல்லாம் நீங்கள் வர முதலே வீட்ட போயிடும். புதுக் கணக்கு ஒண்டு திறந்து அதில எடுங்கோ.