பாப்அப் பெட்டியின் தோற்றத்தை மாற்ற முடியாதா?

கானாடுகாத்தான்காரன்:
வலைப்பக்கத்தின் மேல் எழும்பும் பாப்அப் பெட்டியைப் பற்றிக் கேட்ட ஒரு தம்பிக்கு நேற்றுத் தேவகோட்டைக்காரர் சொன்ன பதில்: "பாப்அப் தோற்றத்தை மாற்றவே முடியாது, பிரவுசர் தருவதுதான்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மாற்ற முடியாதது அலர்ட் போல பிரவுசரே காட்டும் செய்திப் பெட்டிகள் மட்டும். டயலாக் என்ற எச்டிஎம்எல் டேக்கை எழுதி, அதைத் திறக்கும் ஷோமோடல் கட்டளையைக் கொடுத்தால் ஓரம், நிறம், நிழல் எல்லாம் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை எழுதும் மொழி) நம் இஷ்டம். குரோமில் 2014 முதல் இருக்கிறது, பயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. பழைய வீடு ஒன்றை விடுதியாக்கியவர்களுக்கு முன்பதிவுப் பெட்டி செய்தேன், பின்னணி முழுக்க ஆத்தங்குடி டைல்ஸ் பூ. பார்த்தவுடனே நம்ம ஊர் என்று தெரியும்.

தேவகோட்டை ரஸ்தா:
நான் சொன்னது அலர்ட்டை. அப்புறம், அந்தப் பெட்டியைப் போனில் திறந்து பார்த்தேன் அண்ணே. சிவப்பும் பச்சையுமான பூவுக்கு மேல் தேதியே தெரியவில்லை. டைல்ஸ் தரைக்கு, எழுத்துக்குப் பின்னால் இல்லை.

கானாடுகாத்தான்காரன்:
அலர்ட் என்று எங்கே எழுதினீர்கள்? பாப்அப் என்றுதான் இருக்கிறது. டைல்ஸைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவை ஊற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன், வீட்டு வளவில் அந்தத் தரையில்தான் தவழ்ந்தேன். உங்கள் தளத்தில் டயலாக்குக்குப் பதில் சாதாரண டிவ் பெட்டி வைத்து, எது மேலே என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் 9999 போட்டும் மேல் மெனு பெட்டியை மறைக்கிறதே, அதை முதலில் பாருங்கள். டயலாக்கை ஷோமோடலில் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலான டாப் லேயரில் தானாகப் போய் உட்காரும்.

பள்ளத்தூர் வாணி:
எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளி வேறுபாடு வேண்டும் அண்ணே. பூவுக்கு மேல் எழுதினால் ஒரு எழுத்து தேறும், அடுத்தது தேறாது. என் அப்பத்தாவால் அந்த 'ரத்து' பொத்தானைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பூவைப் பேக்டிராப்பில், அதாவது பெட்டிக்குப் பின்னால் பக்கத்தை மூடும் திரையில், போட்டுவிட்டுப் பெட்டிக்குள்ளே வெள்ளையாக விடலாமே.

தேவகோட்டை ரஸ்தா:
இதைத்தான் நானும் சொன்னேன். டைல்ஸ் தரைக்கு.

கானாடுகாத்தான்காரன்:
பேக்டிராப்பில் போட்டால் பின்னால் இருக்கிற வீட்டுப் படம் மறைந்துபோகும். விடுதிக்காரருக்குப் பிடித்திருக்கிறது, காசும் கொடுத்துவிட்டார். ரஸ்தாவுக்குக் கோபம் டைல்ஸ் மேல் இல்லை, தீபாவளிக்கு முன்னால் அந்த வேலை தனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான்.

தேவகோட்டை ரஸ்தா:
பாதி விலைக்குப் பேசி என் வேலையைப் பிடித்தது நீங்கள். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கானாடுகாத்தான்காரன்:
பாதி விலை இல்லை. வேலை தெரிந்தவனிடம் வந்தார்கள்.

கேள்வி கேட்ட தம்பி:
அண்ணே, என் டயலாக்கைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு வருகிறது. அதை எப்படி எடுப்பது?

கானாடுகாத்தான்காரன்:
சிஎஸ்எஸ்ஸில் பார்டர் நன் (ஓரக் கோடு வேண்டாம்) என்று கொடு தம்பி, போய்விடும். டைல்ஸ் படம் என்னிடம் நாலு வகை இருக்கிறது, அனுப்புகிறேன்.

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, வாங்காதே. டைல்ஸ் தரைக்கு.